தோட்டாவின் அடியில் ஓர் எழுத்து

துப்பாக்கிக் கடையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் போதும், யாராக இருந்தாலும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தூரத்தில் நிற்கும் மிருகத்தை அடிக்க எந்தத் தோட்டா நல்லது? வேட்டை சட்டப்படி நின்றுபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது. கேள்வி மட்டும் நிற்கவில்லை. போன மாதம் ரைஃபிள் கிளப்பிலிருந்து இரண்டு பேர் நங்கநல்லூரில் என் வீடு தேடி வந்தார்கள். தங்கள் ஆண்டு மலருக்கு, அந்தக் காலத்து வேட்டைத் தோட்டாக்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். சரி என்றேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோது, ஒப்பீடு ஒரு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. அதற்கு அப்பால் எதை எழுதினாலும் சண்முகவேல் அண்ணாச்சியின் முகம் குறுக்கே வந்து நின்றது. ஆகவே அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதா வேண்டாமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கடை மயிலாப்பூரில் இருந்தது. அறுபதுகளின் நடுவில், பி.யூ.சி. தேறாமல் மந்தைவெளி வீட்டில் சும்மா இருந்த என்னை, அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே சேர்த்துவிட்டார். முதல் இரண்டு வருஷம் தூசி தட்டினேன், குழல் துடைத்தேன், லைசென்ஸ் ஃபாரம் நிரப்பினேன். பிறகு கவுண்டருக்கு வந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

சொல்ல வேண்டியவர் மேனேஜர் தேவசகாயம். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத். ஒல்லியான ஆள். பத்து வருஷம் அவருக்குக் கீழே இருந்தேன், அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதுதான் பயமாக இருக்கும். திட்டுகிறவரிடம் திட்டு முடிந்ததும் மூச்சு விடலாம். இவர் ஒரு பொருளைக் கையில் கொடுத்து "வாசியும்" என்பார். நாம் வாசிக்க வேண்டும். தப்பாக வாசித்தால் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மறுபடி வாசிக்க வேண்டும்.

தோட்டா விற்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் துப்பாக்கி. குழலின் அடியில் செதுக்கியிருப்பதை ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். அடுத்து லைசென்ஸ். அதில் எழுதியிருப்பதும் குழலில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கடைசியில் தோட்டா. பொட்டலத்தின் மேல் அச்சடித்திருப்பதை நம்பக் கூடாது. பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு தோட்டாவாகத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் பித்தளை அடியில் வட்டமாகப் பொறித்திருக்கும் எழுத்துகளை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்துத் தோட்டா என்றால் பத்துத் தடவை. வாங்க வந்தவர்களுக்குப் பொறுமை போய்விடும். ஒரு முறை ஓர் ஓய்வுபெற்ற கலெக்டர், "என்ன ஓய், வேதபாராயணமா?" என்று கேட்டார். தேவசகாயம் ஏழாவது தோட்டாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. பீரோவில் இருந்ததெல்லாம் பழைய இருப்பு. பல நாட்டுத் தயாரிப்பு, பல அளவு, கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். அதில்தான் ஆபத்து.

சண்முகவேல் அண்ணாச்சிக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. ஐம்பது வயது இருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை அடையாறு வக்கீல் வெங்கட்ராமனோடு மலைக்கு வேட்டைக்குப் போவார். ஒரு பழைய ஜமீனில் இருந்து முறைப்படி எழுதி வாங்கிய எட்டு எம்.எம். ரைஃபிள் அவரிடம் இருந்தது. வக்கீலிடம் இருந்தது த்ரீ-ஒன்-ஃபைவ், நம் நாட்டுத் தொழிற்சாலையில் செய்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் கடமானை அடிக்க எது ஏற்றது என்று இரண்டு பேருக்கும் ஓயாத வழக்கு. அந்த வழக்கை எங்கள் கவுண்டருக்குக் கொண்டுவந்தார்கள்.

தேவசகாயம் மூன்று தோட்டாக்களைக் கண்ணாடி மேல் நிறுத்தி வைத்தார். த்ரீ-ஒன்-ஃபைவ், எட்டு எம்.எம்., அமெரிக்காக்காரர்களின் தர்ட்டி-நாட்-சிக்ஸ்.

"நூறு கஜத்துல மூணும் ஒரே இடத்துல அடிக்கும்னு வச்சுக்கிடுங்க," என்றார். "முந்நூறு கஜத்துல கதை வேற. த்ரீ-ஒன்-ஃபைவ் குண்டு கனம். மூக்கு மழுங்கல். போகப் போக வேகம் செத்துரும். ரெண்டு முழம் கீழ இறங்கிரும். தர்ட்டி-நாட்-சிக்ஸ் ஒரு முழத்துக்குள்ள நிக்கும்."

"நம்ம எட்டு எம்.எம்.?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"முழத்துக்குக் கொஞ்சம் கூட. கூர்மூக்குக் குண்டு போட்டா இன்னும் தேவலை."

அண்ணாச்சிக்கு அது போதும். வக்கீலைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீரா வெங்கட்ராமன்? நம்மளுது கூர்மூக்கு."

ஆனால் எட்டு எம்.எம்.மில் ஒரு சங்கதி உண்டு. அதில் இரண்டு வகை. பழைய வகைக்கு அடியில் எட்டு, ஐம்பத்தேழு என்ற அளவுக்குப் பின்னால் ஜே என்று பொறித்திருக்கும். புதிய வகைக்கு ஜே-க்குப் பக்கத்தில் எஸ் என்று இன்னோர் எழுத்து கூட இருக்கும். நீளம் ஒன்று, கழுத்து ஒன்று, பித்தளைக்கூடு ஒன்று. குண்டின் பருமனில் மட்டும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது. எஸ் தோட்டா பழைய ஜே ரைஃபிளில் சிரமமில்லாமல் நுழையும். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் சுகமாக மூடும். சுட்டால் பருத்த குண்டு சின்னக் குழலில் நெரிந்துகொண்டு போகும், உள்ளே அழுத்தம் தாங்காது. அண்ணாச்சியுடையது பழைய ஜே.

தேவசகாயம் பீரோவின் மேல் தட்டில் தேடி, கூர்மூக்கு ஜே தோட்டா ஒரே ஒரு பொட்டலம் கண்டுபிடித்தார். அதன் மேல் பென்சிலால் "சண்முகவேல்" என்று எழுதி வைத்தார். மலைக்குக் கிளம்பும்போது வந்து வாங்கிக்கொள்வதாக அண்ணாச்சி சொன்னார். அதற்கு முன்னால் ரைஃபிளை ஒரு வாரம் எங்களிடம் விட்டுச் சுத்தம் செய்துகொண்டு போனார். செய்தது கன்னியப்பன் மேஸ்திரி. ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர், கடையின் பின்னால் பட்டறையில் உட்கார்ந்திருப்பார்.

அண்ணாச்சி வந்த புதன்கிழமை மாலை தேவசகாயம் ஊரில் இல்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கு நாசரேத் போயிருந்தார். அண்ணாச்சி காரை வாசலிலேயே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உள்ளே வந்தார்.

"தம்பி, சீக்கிரம். கடைல ஆளுக காத்துக்கிட்டு இருக்கு."

முறைப்படி நான் பட்டறைக்குப் போய்க் கன்னியப்பனை அழைத்து வந்திருக்க வேண்டும். அவருக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும், தேவசகாயம் இல்லாத நாட்களில் திருப்பிச் சொல்வது அவர்தான். நான் அழைக்கவில்லை. பீரோவைத் திறந்தேன், கூர்மூக்கு எட்டு எம்.எம். பொட்டலம் ஒன்றை எடுத்தேன். மேலே எட்டு, ஐம்பத்தேழு, ஜே என்று படித்தேன். பழைய சரக்குச் சீட்டு ஒன்று ஜே-க்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. விற்பனை ஏட்டிலும் லைசென்ஸிலும் ஜே என்று எழுதி, கையெழுத்து வாங்கி, கொடுத்து அனுப்பினேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை வேறு எதற்கோ பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில், பென்சிலால் "சண்முகவேல்" என்று எழுதிய பொட்டலம் அப்படியே இருந்தது.

கீழ்த் தட்டைப் பார்த்தேன். அங்கே இருந்த எஸ் பொட்டலங்கள் மூன்றில் இரண்டுதான் இருந்தன. இரண்டின் மேலும் அதே சீட்டு, அதே இடத்தில். ஒரு சீட்டை நகத்தால் கிழித்தேன். அதற்கு அடியில் எஸ் இருந்தது.

கடை டெலிபோனின் டயலில் பூட்டு. சாவி தேவசகாயத்திடம். பட்டறைக்குப் போய்க் கன்னியப்பனிடம், கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன்.

"இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே. தி.நகர் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

லஸ்ஸில் பஸ் ஏறினேன். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. அண்ணாச்சி மலைக்குப் போய்ச் சேர ஒரு நாளாகும், அதற்குள் ஆளைப் பிடித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அண்ணாச்சியின் மனைவி கதவைத் திறந்தார். என்னைக் கடையில் ஓரிரு முறை பார்த்திருக்கிறார்.

"அவிய காலைலயே கெளம்பிட்டாவளே தம்பி. அடையாறு வக்கீல் வீட்ல பலகாரம் சாப்ட்டுட்டு அப்படியே போறதாச் சொன்னாவ. என்ன சங்கதி?"

நான் சொன்னது இது: "லைசென்ஸ் புத்தகத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சும்மா."

"அதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது? அந்தா போன் இருக்குல்லா. வக்கீல் வீட்டு நம்பர் தாரேன், பேசுதியா?"

முக்காலி மேல் கறுப்புப் போன், எனக்கு நாலடி தூரத்தில். பேசினால் அந்த அம்மாவின் எதிரில் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் கையில் இருக்கிற தோட்டா அவர் முகத்தில் வெடிக்கலாம், கொடுத்தவன் நான், என்று என் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகு வேலை போகும், கடையின் லைசென்ஸுக்கு ஆபத்து வரும், போலீஸ் வரும். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம்மா, நேர்லயே போய் வாங்கிக்கறேன்," என்றேன்.

இதை எழுதும்போது கை நிற்கிறது. நின்றாலும் எழுதத்தான் வேண்டும். அந்த நேரத்தில் அண்ணாச்சி அடையாறில்தான் இருந்தார்.

சைதாப்பேட்டை வழியாக அடையாறு போய்ச் சேர முக்கால் மணிக்கு மேல் ஆயிற்று. வக்கீலின் தமக்கை வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இப்பதானே கெளம்பிப் போனா. பத்து நிமிஷம்கூட ஆகலை. ஆத்துல உக்காந்து காபி குடிச்சுண்டு அரட்டை அடிச்சுண்டிருந்தா ரெண்டு பேரும்."

"மலைக்கா மாமி?"

"நேரா இல்லை. திருவான்மியூர் தாண்டி சவுக்குத்தோப்பு இருக்கோன்னோ, அங்க குறி பார்த்துண்டு போகணும்னா. புதுத் தோட்டாவாம்."

புதுத் தோட்டா வாங்கினால் தூரத்துக்குச் சுடுகிறவர்கள் முதலில் குறியைச் சரிபார்ப்பார்கள். அது எனக்குத் தெரியாததா? ஒரு நாள் அவகாசம் இருக்கிறது என்று பஸ்ஸில் எனக்கு நானே சொன்னது வெறும் ஆறுதல்.

அந்த வழியாக ஜல்லி ஏற்றிப்போன லாரி ஒன்றைக் கை காட்டி நிறுத்தினேன். திருவான்மியூர் கோயிலுக்கு அப்பால் அது உள்பக்கம் திரும்பியது. இறங்கி ஓடினேன். அந்த நாளில் அங்கே வீடு கிடையாது. வண்டித்தடம், பனை, சவுக்கு, அதற்கப்புறம் கடல். மணலில் கார்ச் சக்கரத் தடம் புதிதாக இருந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். கத்த வேண்டும் என்று தோன்றியது. மூச்சு வரவில்லை.

ஒரு வெடிச்சத்தம் கேட்டது. நின்றேன். அடுத்து இன்னொன்று. இரண்டும் கனமான, உருண்டையான சத்தம். த்ரீ-ஒன்-ஃபைவ். காதில் கேட்டே அளவு சொல்லுமளவுக்கு எனக்குப் பழக்கம் இருந்தது. வக்கீல் சுடுகிறார். அண்ணாச்சி இன்னும் தொடவில்லை. சாமி, சாமி என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். மரங்களுக்கு நடுவே காரின் பின்புறம் தெரிந்தது. நூறு கஜம்கூட இருக்காது.

மூன்றாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஒரு சத்தம் இரண்டாகப் பிளந்தது போல, முன்னால் ஒன்று, அதன் மேலேயே கூர்மையாக இன்னொன்று. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. காக்கைகள்கூட அடங்கிவிட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி மணலில் முழங்காலிட்டு, வலக் கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் ரத்தம் இறங்கியது. கன்னம் முழுக்கக் கரும்புள்ளிகள். ரைஃபிள் பக்கத்தில் கிடந்தது. குழல் வெடிக்கவில்லை. ஆனால் எரிந்த வாயு போல்ட் வழியாகப் பின்னால் பீறிட்டு முகத்தில் அடித்திருந்தது.

"வெங்கட்ராமன், கண்ணு இருக்கா பாரும்," என்று அவர் மெதுவாகக் கேட்டார். "கையெடுக்கப் பயமா இருக்கு. நீரு பாரும்."

வக்கீலும் நானுமாக அவரைத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் கிடத்தினோம். காரின் மூடி மேல் பொட்டலம் திறந்து கிடந்தது. ஒன்பது தோட்டா. வக்கீல் ரைஃபிளை எடுத்து வைக்கத் திரும்பினார். நான் பொட்டலத்தை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அதை நினைத்துச் செய்தேனா என்று கேட்டால், ஆமாம், நினைத்துத்தான் செய்தேன்.

கண் ஆஸ்பத்திரி வரைக்கும் அண்ணாச்சியின் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில்தான் வக்கீலுக்கு என் நினைவு வந்தது.

"நீ எப்படிப்பா அங்க வந்தே?"

"ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு சார்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "போன வாரம் அந்த மேஸ்திரி போல்ட்டைக் கழட்டி மாட்டினான் இல்லையோ? சரியா மாட்டலை, அதான்," என்றார். அண்ணாச்சி முனகினார். நான் சட்டைக்குள் இருந்த பொட்டலத்தை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

அன்று மாலை, பென்சிலில் பெயர் எழுதிய பொட்டலத்தின் மேல் ரப்பர் வைத்து அழித்தேன். அது விற்றுப்போனதாகத்தானே ஏட்டில் இருக்கிறது? ஆகவே சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் வைத்தேன். மற்ற ஒன்பதையும் கீழ்த் தட்டில் உதிரித் தோட்டாக்களோடு கலந்துவிட்டேன். லைசென்ஸ் இல்லாத வீட்டில் பத்துத் தோட்டா இருந்தால் என்ன தண்டனை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாசலில் சைக்கிள் நின்றால் பரணைப் பார்ப்பேன். தபால்காரர் கூப்பிட்டாலும் பார்ப்பேன். அம்மா இரண்டு முறை நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வக்கீல் ரைஃபிளைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்து பட்டறை மேஜை மேல் வைத்தார். போல்ட் இறுகிப்போயிருந்தது, திறக்கவில்லை. சுட்ட கூடு உள்ளேயே இருந்தது.

"என்னய்யா பண்ணி வெச்சே இதுல? ஒரு மனுஷனுக்குக் கண்ணு போகப் போறது."

கன்னியப்பன் எழுந்து நின்றார். "நான் ஒண்ணும் பண்லீங்க சார். போல்ட்ட தொட்ச்சி எண்ண போட்டு மாட்னேன். அவ்ளோதான் சார்."

கடை முதலாளி வந்தார். தேவசகாயம் திரும்பும்வரை ரைஃபிளை யாரும் தொடக்கூடாது என்றும், கன்னியப்பன் வேறு எந்த வேலையும் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றும், சனிக்கிழமையும் கன்னியப்பன் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்றும் வந்து கடை வாசலில் நின்றுவிட்டுப் போனதாகப் பக்கத்து வெற்றிலைக்கடைக்காரர் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் கன்னியப்பன் என்னிடம் கேட்டார்.

"நைனா, நான் போல்ட்ட மாட்னப்போ அந்த லாக்கு சரியாதானே வுழுந்துச்சு? நீ பக்கத்துல இருந்த இல்ல? சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுதுண்ணே," என்றேன்.

"எனக்கும் கேட்ட மாதிரிதான் கீது," என்றார்.

திங்கள்கிழமை காலை தேவசகாயம் எழும்பூரிலிருந்து பெட்டியோடு நேராகக் கடைக்கு வந்தார். முதலாளி சொன்னதைக் கேட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பட்டறைக்குள் போனார். என்னையும் கூப்பிட்டார்.

ரைஃபிளை மரப் பிடியில் இறுக்கினார்கள். குழலைத் தொட்டுப் பார்த்தார், வெளிச்சத்தில் அடி எழுத்தை வாசித்தார். "ஜே," என்றார். "ஜே," என்று கன்னியப்பன் திருப்பிச் சொன்னார். பழக்கம் அப்படி. போல்ட்டின் இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். மேலே துணியைச் சுற்றி, கன்னியப்பன் மரச்சுத்தியால் போல்ட்டின் கைப்பிடியைத் தட்டினார். மெதுவாக, ஒரே அளவில். ஒவ்வொரு தட்டுக்கும் என் பல் கிட்டியது. போல்ட் திறந்ததும் கூட்டின் அடி வெளியே வரும், அதில் எஸ் இருக்கும், எல்லாம் முடிந்துபோகும் என்று நின்றேன்.

போல்ட் திறந்தது. கூடு மேஜை மேல் விழுந்து உருண்டது. தேவசகாயம் அதை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எட்டு தெரியுது," என்றார். "ஐம்பத்தேழு தெரியுது. அதுக்குப் பொறவு பித்தளை நசுங்கி வழிச்சுட்டுப் போயிருக்கு. ஒண்ணும் வாசிக்க முடியல."

லென்ஸைக் கீழே வைத்தார். "நீரு என்ன குடுத்தீரு?"

"ஏட்டுல ஜே-ன்னு இருக்கு சார்," என்றேன். பொய் சொல்லவில்லை என்று அந்த நேரத்திலும் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அவர் தலையசைத்தார். கன்னியப்பன் பக்கம் திரும்பினார். குரல் மாறவில்லை. "அப்போ போல்ட்டுதான் கன்னியப்பன்."

கன்னியப்பன் மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை. சுத்தியைத் துடைத்தார். சொந்தச் சாமான்கள் வைத்திருந்த தகரப்பெட்டியைத் திறந்து, அரம் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். இரண்டாவதை வைத்தார். மூன்றாவதைத் தேடினார். அது என் முன்னால் இருந்தது. எடுக்கக் கை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. எழுத்து அழிந்துபோய்விட்டது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நிமிஷத்தில் வந்த பயம், சவுக்குத்தோப்பில் வந்ததைவிடப் பெரிது.

"ஜே-க்கு அப்புறம் எஸ் இருக்கு சார்," என்றேன்.

தேவசகாயம் கூட்டையும் லென்ஸையும் என்னிடம் நீட்டினார். "எங்க இருக்கு? காட்டும்."

"அதுல தெரியாது சார். நான் குடுத்த பொட்டலத்துல இருந்துது."

கன்னியப்பன் கையில் அரத்தோடு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிரிக்காதது, அழைக்காதது, ரப்பர், பரண். போனை மட்டும் சொல்லவில்லை. தேவசகாயம் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "வீட்டுக்குப் போயி அந்தப் பொட்டலத்தை எடுத்துட்டு வாரும்," என்றார். "பொறவு தி.நகர் போகணும்."

அண்ணாச்சியை அன்று காலைதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வலக் கண்ணில் கட்டு. தேவசகாயம் கட்டிலருகே நின்று, "இவர் சொல்லுவாரு," என்று மட்டும் சொன்னார். சொன்னேன். அண்ணாச்சி ஒற்றைக் கண்ணால் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"மத்த ஒம்பதும் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"கடைல, பூட்டி இருக்கு சார்."

"வேற யாருக்கும் குடுத்துரலியே?"

"இல்ல சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் கதவோரம் நின்றிருந்த அவர் மனைவி அப்போதுதான் பேசினார். கோபமாகப் பேசவில்லை. கணக்கு ஒத்துவராததை யோசிக்கிற குரல்.

"அன்னைக்கு நீ வந்தப்போ அவிய அடையாத்துலதான இருந்தாவ. போன் பேசுதியான்னு கேட்டேனே, தம்பி."

தேவசகாயம் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

வக்கீல் போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அண்ணாச்சி வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நடந்ததை மறைக்காமல் தேவசகாயம் அதிகாரிகளுக்கு எழுதினார். தான் ஊரில் இல்லாதபோது சரியான ஏற்பாடு செய்யாதது தன் பிழை என்றும் அதில் சேர்த்தார். விசாரணை நடந்தது. கடை தப்பியது. நானும் தப்பினேன். அண்ணாச்சியின் வலக் கண் முழுதாகப் போகவில்லை. ஆனால் புகைபடிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும் என்பார். அதன் பிறகு அவர் துப்பாக்கி எடுக்கவில்லை. சில வருஷங்களில் வேட்டைக்கே தடை வந்தது. அதனால் தனக்கு நஷ்டமில்லை என்று வக்கீலிடம் சொன்னாராம்.

என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து ஒரு வருஷம் பட்டறையில் போட்டார்கள். கன்னியப்பனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து குழல் துடைத்தேன். அவர் வேலைக்கு வேண்டியதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்க நான் இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் எழுந்து வெளியே போய்விட்டார். ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு மழை நாளில், வாடிக்கையாளர் யாரும் வராதபோது அவராகவே ஆரம்பித்தார்.

"நீ மாத்திக் குடுத்தது பெர்சில்ல நைனா. ஆருக்கும் கை தவறும். அந்த நாலு நாளு கீதே, அதான். அவங்க என்னிய சந்தேகப்பட்டாங்க, சரி. நானே என்னிய சந்தேகப்பட்டேன். லாக்கு வுழுந்துச்சான்னு உன்னக் கேட்டேன் பாரு. எனக்குத் தெர்ஞ்ச சத்தத்த உன்னாண்ட போய்க் கேட்டேன்."

பழையபடி வேலையைப் பார்த்தார்.

அவர் மேஜை மேல் அப்போது ஒரு ரைஃபிள் இருந்தது. போல்ட்டை மாட்டினார். 'க்ளிக்' என்று விழுந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். கழற்றினார். மறுபடி மாட்டினார், மறுபடி கேட்டார், மறுபடி கழற்றினார். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அவரோடு வேலை பார்த்தேன். ஒரு போல்ட்டைக்கூட அவர் ஒரே தடவையில் மாட்டி எழுந்து நான் பார்த்ததில்லை.